இணைப்புக் கதை

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்களின் குரல் எனக்கு வரும்.
உபியில் ஓர் அலுவலகம், சன்னல் கிடையாது.
இரண்டு நாற்காலி, மூன்று திரை.
மூன்றாவதில் யாருக்கும் தெரியாமல்
ஒரு பழைய பேய்ப்படம்.

யாருக்கும் என்றால், ரோஸ்னாவுக்குத் தெரியும்.
"மறுபடியும் அந்த மெழுகு மூஞ்சியா?" என்பாள்
கோப்பிப் பையின் கழுத்தை முறுக்கியபடி.

ஒரே படத்துக்குள் ஐந்து கதை.
மழைக்கு ஐந்து பேர் ஒதுங்கிய பொம்மைக் கடை.
கடைக்காரர் ஒவ்வொருவராகக் கேட்பார்:
"நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்?"
சொல்லத் தொடங்கியதும் திரை தண்ணீராய் நெளியும்.
இருபது நிமிடம். ஒரு சாவு.
மறுபடி கடை, மறுபடி மழை,
அடுத்தவர் தொண்டையைச் செருமுவார்.

ரத்தம், பண்டோங்குக்கு ஊற்றும் ரோஸ் சிரப்.
வெட்டுண்ட கை மேசைமேல் ஊரும்போது
அதை இழுக்கும் நரம்பு ஒரு கணம் மின்னும்.
கதவை அறைந்தால் சுவர் நடுங்கும்.
அந்த நடுக்கம் எனக்குப் பிடிக்கும்.
சுவருக்கும் பயம் என்று வைத்துக்கொள்வேன்.

மணி அடித்தால் படத்தை நிறுத்துவேன்.

பிடோக்கில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்,
சாப்பாடு கொண்டுபோகும் பையன்:
"ஐஸ் கரையுது அக்கா, நட்சத்திரத்தைக் குறைச்சிடுவாங்க."
ஒரு தம்பதி. நான் எடுத்தபோது உச்சக் குரலில் சண்டை;
"ஹலோ" என்றதும்
இருவருமே மிகவும் மரியாதையானவர்கள் ஆனார்கள்.
ஏழாம் மாதத்தில் ஒரு பெண் கிசுகிசுத்தாள்,
கண்ணாடியில் தன்னோடு இன்னொருவர் நிற்பதாக.
"பதினைந்து நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார்" என்றேன்.
அதற்கென்று என்னிடம் தனிப் பொத்தான் இல்லை.

பிறகு ஹௌகாங், அதிகாலை மூன்று பத்து.
"அவசரமில்லை" என்றார்.
இந்த வேலையில் நான் கேட்டிராத சொல்.
"மெக்கானிக் வேற இடம் முடிச்சிட்டே வரட்டும்."
பெயர் தணிகாசலம். எத்தனையாவது மாடிக்கு என்றேன்.
"பன்னிரண்டு. போகணும்னுதான் வந்தேன்."

நாற்பது நிமிடம். பெரும்பாலும் மூச்சு.
ஒருமுறை சாவிக்கொத்து.
ஒருமுறை, "விளக்கு எரிஞ்சுது, கீழேயிருந்து பார்த்தேன்."
யார் வீட்டு விளக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
கதவு திறந்துவிட்டது.
மெக்கானிக்கின் இருமல். அப்புறம் அந்த ஒற்றை பீப்.
பதிவேட்டில் எழுதினேன்:
சரிசெய்யப்பட்டது, 3:50.

படத்தில் என்றால்
துரோகம் செய்தவன் இருபதாம் நிமிடத்தில் சுவருக்குள் இருப்பான்.
பேராசைக்காரி கழற்ற முடியாத மோதிரத்தையும்
பக்கத்திலிருக்கும் கத்தியையும் மாறி மாறிப் பார்ப்பாள்.
எவர் கதையும் கதவு திறந்ததற்காக அறுந்துபோவதில்லை.
கடைசியில் கடைக்காரர் வாசலைத் திறப்பார்.
மழை இல்லை, தெரு இல்லை,
வாசலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.
ஐவரும் அப்போதுதான் ஒருவரையொருவர் முழுதாகப் பார்ப்பார்கள்.
எத்தனை முறை பார்த்தாலும் அங்கே எனக்குப் பயம் வருவதில்லை.
அப்பாடா என்றிருக்கிறது.

"சரி, கடைக்காரர் எப்படி அங்கே வந்தாராம்?"
கோப்பியின் அடியை உறிஞ்சிக்கொண்டே ரோஸ்னா கேட்டாள்.
"அவரை ஒருத்தரும் கேட்கலையே."
நான் படத்தைச் சிறிது பின்னே ஓட்டிப் பார்த்தேன்.
ஆமாம். ஒருத்தரும் கேட்கவில்லை.

ஈசூன். ஆறு ஐம்பது. என் புளோக்.
தனியாக ஏறினேன்.
நான்காம் மாடி தாண்டுகையில் சின்னதாய் ஒரு குலுங்கல்.
என் விரல் ஏற்கெனவே மஞ்சள் மணிமேல் இருந்தது.
பேச்சுக்கான அந்தச் சின்னத் துளைகளில் தூசி.
எங்கிருந்து தொடங்குவது என்றுகூட
யோசித்து வைத்திருந்தேன்.

பெட்டி நிற்கவில்லை.
பதினொன்று. கதவு திறந்தது.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண், வாயில் ரொட்டி,
என்னையே பார்த்தாள்.
ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்:
"ஆன்ட்டி, இறங்கலையா?"